மூன்றாம் மாடி மெயின்

வலது முழங்கால் இருபத்தெட்டாவது படியில் முனக ஆரம்பிக்கும். நாற்பதில் வாய்விட்டே கேட்கும், இன்னும் எத்தனை என்று. பள்ளிக்கூடத்தின் மூன்றாம் மாடிக்கு மொத்தம் அறுபத்தாறு படிகள். ஒரு கையில் தண்ணீர் வாளி, இன்னொரு கையில் மாப்புக் கட்டை, தோளில் ஈரத்துணி. மேலே போய் வாளியை இறக்கும்போது முட்டிக்குள் கல்லுப்பை வைத்து அரைப்பதுபோல இருக்கும். ஆனாலும் அவள் மேலிருந்துதான் தொடங்குவாள். அழுக்குத் தண்ணீர் கீழ்நோக்கித்தான் வரும். முட்டியும் ஒரு தடவை ஏறினால் போதும்.

அந்தப் பள்ளியில் அவள் பெயர் யாருக்கும் தெரியாது. காண்ட்ராக்ட்காரன் வைத்திருக்கிற சம்பளப் பட்டியலில் இருக்கும். பிள்ளைகளுக்கும் டீச்சர்களுக்கும் அவள் சுவிட்ச் அக்கா. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் அவள் கை தானாக அங்கே போய்விடும். அது போதாதென்று, ஒவ்வொரு மாடியையும் துடைத்து முடித்ததும் படிக்கட்டு முனையில் உயரத்தில் இருக்கிற மெயின் பெட்டியின் கைப்பிடியை மாப்புக் கட்டையால் கோத்து இழுத்து இறக்குவாள். டக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால்தான் அந்த மாடி முடிந்தது என்று அவளுக்குக் கணக்கு. காலையில் பிள்ளைகள் ஏறி வருகிற எட்டரைக்கு அதே கட்டையால் தள்ளி ஏற்றிவிடுவாள்.

இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. இங்கே வருவதற்கு முன் ஒன்பது வருஷம் பை ஒட்டும் கம்பெனியில் இருந்தாள். ஒருநாள் சாயங்காலம் சூட்டு மெஷினை யாரோ அணைக்காமல் போய்விட்டார்கள். கொட்டகை எரிந்தது. பக்கத்து இருக்கைக்காரி தன் கைப்பையை எடுக்க உள்ளே ஓடி, இரண்டு கைத்தோலையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். அந்த நாற்றம் மூக்கை விட்டுப் போக ஒரு வருஷம் ஆனது. கையை விட்டு இந்தப் பழக்கம் போகவே இல்லை.

தலைமை ஆசிரியருக்கு இது பெரிய லாபம். கரண்ட் பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று காலைக் கூட்டத்தில் அவளைப் பாராட்டிப் பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் அப்போது கீழே கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தபிறகு மகள் சொல்லித்தான் தெரியும்.

மகள் அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு. மூத்தவளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இவள் சின்னவள். ஒரு சினிமாவை ஒரு தடவை பார்த்தால் வசனத்தை முழுசாகத் திருப்பிச் சொல்வாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரி தாண்டாது. "எழுத்து எல்லாம் எறும்பு மாதிரிம்மா. பாத்துட்டே இருக்கும்போதே இடம் மாறிடுது" என்பாள். மக்கு என்றார்கள், சோம்பேறி என்றார்கள். சுமை லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிற அவள் அப்பன் ஒரே வார்த்தையில் முடித்திருந்தான். இந்த வருஷம் பாஸானால் படிப்பு, இல்லையென்றால் அவன் லோடு இறக்குகிற பேக்கிங் ஷெட்டில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை. ஷெட்டில் பேசியும் வைத்துவிட்டான்.

வகுப்பில் சின்னவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். வாய் மூடாது. பார்வைதான் மங்கல். கண்ணாடி போட்டும் கரும்பலகை அவளுக்கு வெறும் இருட்டுச் சுவர். ஆனால் எழுத்து பெரிதாக, கிட்டத்தில் இருந்தால் தடதடவென்று வாசிப்பாள். இந்த இரண்டு பேரும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். சின்னவள் கரும்பலகையில் இருப்பதை, என்னவென்று தெரியாமலே, கோலம் போடுவதுபோலப் பார்த்துப் பார்த்து ரஃப் நோட்டில் பெரிது பெரிதாக வரைவாள். ரேடியோ மூக்கை வைத்து அதை வாசிப்பாள். சின்னவள் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வாள். "நீங்க ரெண்டு பேரும் சேந்தாத்தான்டி ஒரு ஆளு" என்பார் கணக்கு டீச்சர். பரீட்சையில் மட்டும் இரண்டு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துவிடுவார்கள். அங்கேதான் இரண்டும் கவிழும்.

அப்படி இருக்கும்போதுதான் ஸ்பெஷல் மிஸ் வந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே நாலு பள்ளிக்கு ஒரே ஆள். திங்களும் புதனும் ஸ்கூட்டரில் இங்கே வருவார். வந்தவர் கல்வி ஆபீஸிலிருந்து ஆறு தொடுதிரை டேப் கொண்டுவந்தார். பிள்ளைகள் அதற்குப் பேசும் சிலேட்டு என்று பெயர் வைத்தார்கள். சின்னவள் வரியில் விரல் வைத்தால் அது காதுக்குள் வாசித்துக் காட்டும். ரேடியோவுக்கு ஒவ்வொரு எழுத்தும் கொழுக்கட்டை அளவுக்குப் பெரிதாகும். காது கேளாத ஒரு பையனுக்கு டீச்சர் பேசுவது எழுத்தாக ஓடும். வாய் பேசாத பிள்ளை படத்தைத் தொட்டால், 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று சிலேட்டு சொல்லும். முதல் நாள் அந்தப் பிள்ளை பதினாலு தடவை தண்ணீர் கேட்டு, ஏழு தடவை ஒன்றுக்குப் போனது.

முதல் இரண்டு மாதம் சிலேட்டுகள் கீழே ஆபீஸ் அறையில் இருந்தன. சின்னவள் அறிவியலில் ஒன்பதிலிருந்து நாற்பத்தொன்றுக்கு ஏறினாள். அப்பனே மார்க் தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தான், வேறு யாருடையதோ என்று. அதற்குப்பிறகு மூன்றாம் மாடியில் ஒரு காலி அறையை இதற்கென்றே ஒதுக்கினார்கள். இரும்பு பீரோ, பின்பக்கம் ஒரு ஓட்டை, அதன்வழியே சார்ஜ் ஒயர். பீரோச் சாவி ரேடியோவிடம். அவள் அப்பா கொத்தனார். வேலை முடித்து ஆறு மணிக்குத்தான் கூட்டிப்போக வருவார். அதுவரை அவள் பள்ளியில்தான் இருப்பாள் என்பதால் சிலேட்டுகளை சார்ஜில் போட்டுப் பூட்டுகிற பொறுப்பு அவளுக்கு. சாவியைக் கழுத்தில் தாலிபோலத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தாள்.

மாடி மாறிய மறுநாளிலிருந்து தொல்லை தொடங்கியது. இரண்டாவது பீரியட் முடிவதற்குள் ஆறும் கண்ணை மூடிவிடும். ஒருநாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம். காலையில் பீரோவைத் திறந்தால் மின்னல் குறி எரிந்துகொண்டிருக்கும், சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். ஆனால் அளவு இருபதைத் தாண்டாது. சின்னவள் செத்த சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை, வராந்தாவைத் துடைக்கும்போது ஜன்னல் வழியாக சுவிட்ச் அக்கா பார்ப்பாள். அந்த மாதத் தேர்வில் அறிவியல் பதினாறுக்கு இறங்கியது.

ஒரு புதன்கிழமை தலைமை ஆசிரியரும் ஸ்பெஷல் மிஸ்ஸும் மேலே வந்து பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்ணு கெட்டுப்போகலாம் சார். ஆறும் ஒரே நாள்ல கெடுமா?" என்றார் மிஸ்.

"கெடாது. யாரோ எடுத்துப் பாட்டு கேக்கறாங்க. ஒண்ணு தீர்ந்தா அடுத்தது. சாவி யாருகிட்ட இருக்கு?"

"அந்தப் பொண்ணு அப்படிச் செய்யாது சார்."

"அடுத்த வெள்ளிக்கிழமை கல்வி ஆபீஸ் மேடம் பாக்க வர்றாங்க. ஓடினா இங்க இருக்கும், ஓடலேன்னா வேற ஸ்கூலுக்குப் போகும்னு லெட்டரே வந்திருக்கு. செய்யுமா செய்யாதான்னு நின்னு பட்டிமன்றம் போடவா?" அவர் வராந்தாவைப் பார்த்தார். "இந்தாம்மா, இங்க வா. நாலு மணிக்கு மேல இந்த மாடியில நீதானே இருக்க. அந்த ரேடியோப் பொண்ணு இந்த மெஷினை வச்சிட்டு உக்காந்து பாத்திருக்கியா?"

சுவிட்ச் அக்கா மாப்புக் கட்டையைச் சுவரில் சாய்த்தாள். பார்த்திருந்தாள், ஒரே ஒரு நாள். காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, காலால் தாளம் போட்டுக்கொண்டு இருந்தது அந்தப் பெண். அவளைப் பார்த்ததும் கழற்றி, "ஒரே ஒரு பாட்டுதான்க்கா" என்று சிரித்தது. தலைமை ஆசிரியர் கேட்டால் உள்ளதைச் சொல்வதுதானே.

"ஆமா சார். காதுல மாட்டிட்டு இருந்துச்சு."

அவ்வளவுதான் கேட்டார், அவ்வளவுதான் சொன்னாள். ரேடியோவின் கழுத்திலிருந்து சாவி போனது. சிலேட்டும் போனது. கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்கள். "ஒரு பாட்டுதான் சார், ஒரே ஒரு நாள்தான் சார்" என்று அது சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நாளெல்லாம் பேசுகிறவள் பேச்சுக்கு என்ன மதிப்பு.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வீட்டில் ஒரு கூத்து. புருஷன் பாயிலிருந்து எழுந்து போனை எடுத்தான், தட்டினான், உதறினான்.

"இதென்னடி, செத்துக்கிடக்கு? முழு ராத்திரியும் சொருகித்தானே வச்சேன்."

அவள் அடுப்பில் இருந்தாள். "எனக்கென்ன தெரியும்."

"உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? படுக்கப் போறப்போ சுவத்து சுவிட்சை அமுக்கிட்டுத்தானே போன. ஒயரு போன்ல இருக்கு, கரண்டு சுவத்துல இருக்கு, நடுவுல உன் கை இருக்கு. அஞ்சு மணிக்கு மேஸ்திரி கூப்பிட்டிருப்பான். லோடு போச்சு. உன் கையைக் கொண்டுபோய் மியூசியத்துல வைக்கணும்டி."

"அணைச்சேனா?" என்றாள், நிஜமாகவே தெரியாமல்.

"கேக்கறா பாரு. கை பண்றது தலைக்குத் தெரியாது இவளுக்கு."

அவன் சுவிட்சைப் போட்டான். போனில் மின்னல் குறி எரிந்தது. பக்கத்தில் ஒரு எண், மூன்று. அவள் கரண்டியோடு நின்று அந்தக் குறியையே பார்த்தாள். இப்போது போட்டால் இப்போது எரியும். ராத்திரி முழுக்க எரிந்ததா என்று அதைப் பார்த்து யாருக்குத் தெரியும்?

நாலு மணிக்குப் பிள்ளைகள் சார்ஜில் போடுகிறார்கள். நாலரைக்கு அவள் மெயினை இறக்குகிறாள். காலை எட்டரைக்கு ஏற்றுகிறாள். ஒன்பதுக்குப் பீரோ திறக்கிறது. கீழே ஆபீஸ் லைன் தனி. கேமரா ஓடுவதால் அதை மட்டும் யாரும் தொடுவதில்லை. அதனால்தான் அங்கே இருந்தவரை சிலேட்டுகள் நன்றாக ஓடின.

தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சின்னவள் தலையைத் தூக்கினாள். வாசிக்கத் தெரியாதவளுக்கு மற்றதெல்லாம் சீக்கிரம் தெரியும்.

"அம்மா. மூணாவது மாடி மெயினையும் நீதானே எறக்குற?"

"பேசாம சாப்பிடு."

"பீரோவுக்கும் அதே லைன்தானேம்மா?"

"சாப்பிடுன்னு சொன்னேன்."

அன்றைக்குச் சாயங்காலம் மூன்றாம் மாடியைத் துடைத்து முடித்துவிட்டு மெயின் பெட்டிக்குக் கீழே வந்து நின்றாள். கை கட்டையைப் பாதி தூரம் தூக்கிவிட்டது. கீழே இறக்கினாள். விரல் முனைகள் அரித்தன. அணைக்காமல் போகிற ஒரு கட்டடத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு அறுபத்தாறு படி இறங்குவது, ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. இரண்டாம் மாடி வரை இறங்கியவள், திரும்ப ஏறிப்போய் ஒவ்வொரு அறையாகப் புகை நாற்றம் இருக்கிறதா என்று மோந்து பார்த்துவிட்டு வந்தாள். வழியெல்லாம் தனக்குத்தானே ஒன்றைச் சொல்லிக்கொண்டாள். இனிமேல் சிலேட்டு ஓடும், மேடம் வருவார், பார்ப்பார், போவார். ரேடியோவுக்கும் திரும்பக் கிடைத்துவிடும். சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால் அதற்குமேல் பேச என்ன இருக்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஆறு சிலேட்டும் நூறு காட்டின. மேடம் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது.

தலைமை ஆசிரியர் மேலே வந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். "பாத்தீங்களா? சாவியைப் புடுங்கினோம், ரெண்டே நாள்ல சரியாயிடுச்சு. இதுக்குமேல என்ன சாட்சி வேணும்?" என்றார். கணக்கு டீச்சர் தலையாட்டினார். அதுவரை நம்பாதவர்களும் அன்றைக்கு நம்பினார்கள். வராந்தாவில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்த சுவிட்ச் அக்கா பிழிந்ததையே திரும்பத் திரும்பப் பிழிந்தாள். சத்தமில்லாமல் சரிசெய்தது அந்தப் பெண்ணின் தலையில் சத்தமாக விழுந்திருந்தது.

திங்கட்கிழமை ரேடியோவின் கொத்தனார் அப்பாவை வரச்சொல்லியிருந்தார்கள். அரைநாள் வேலையை விட்டுவிட்டு, முழங்கை வரை சிமெண்டு காய்ந்த கையோடு வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனார். கதவு திறந்திருந்தது. தலைமை ஆசிரியர் பேசினார். அரசாங்கச் சொத்து என்றார், ஆறு பிள்ளைகளின் படிப்பு என்றார். கொத்தனார் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்றார். வெளியே வந்ததும் காத்திருந்த மகளை ஒரே ஒரு அடி அடித்தார். கண்ணாடி தெறித்து, துடைத்த தரையில் சறுக்கிக்கொண்டுபோய் சுவிட்ச் அக்காவின் வாளியில் முட்டி நின்றது.

"கண்ணு தெரியலேன்னு ஊரே பாவப்பட்டு ஒண்ணு குடுத்தா, அதுல பாட்டு கேக்குதா உனக்கு?" என்றார். அடித்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ரேடியோ அழவில்லை. கையால் தரையைத் தடவிக்கொண்டு குந்தியது. சுவிட்ச் அக்கா கண்ணாடியை எடுத்து, தன் புடவையில் துடைத்து, அதன் கையில் வைத்தாள்.

"தேங்க்ஸ்க்கா" என்றது.

அதற்குப்பிறகு சின்னவள் அம்மாவிடம் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், கேட்டால் தலையாட்டினாள். பள்ளியில் சிலேட்டில் விரல் வைத்து வாசிக்கக் கேட்டாள், மார்க்கும் வாங்கினாள். இடைவேளையில் மட்டும் ஒரு காரியம் செய்தாள். மூன்றாம் மாடி வராந்தாவின் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கரும்பலகையில் பார்த்ததைச் சாக்பீஸால் தரையில் பெரிது பெரிதாக எழுதினாள். ரேடியோ முட்டி போட்டுத் தவழ்ந்துகொண்டே அதை வாசித்தது. மூன்று மாதத்துக்கு முன் விட்ட பழைய ஏற்பாடு. இப்போது சின்னவளுக்கு அது தேவையில்லை. ரேடியோவுக்குத்தான் தேவை.

சாயங்காலம் அந்த இடத்துக்கு மாப்போடு வந்தாள் சுவிட்ச் அக்கா. முதல் நாள் துடைத்துவிட்டாள். தரை என்றால் துடைக்கவேண்டியதுதானே. இரண்டாம் நாள் எழுத்துகள் இன்னும் பெரிதாக இருந்தன. ஒரு எழுத்து ஒரு முறம் அகலம். நடுவில் இரண்டு உள்ளங்கைத் தடமும் இரண்டு முட்டித் தடமும். அவளுக்கும் வாசிக்கத் தெரியாது, என்ன பாடம் என்று தெரியவில்லை. அந்தச் சதுரத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் துடைத்தாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு, வாளியை வெளியே வைத்துவிட்டு, தலைமை ஆசிரியர் அறைக்குள் போனாள். ஸ்பெஷல் மிஸ் மறுநாளுக்கான தாள்களை அடுக்க வந்திருந்தார்.

"சார், சிலேட்டு செத்தது என்னாலதான். நான்தான் தெனமும் நாலரைக்கு மூணாவது மாடி மெயினை எறக்கினேன். போன வாரத்துலேர்ந்து எறக்கலை. அதான் இப்ப ஓடுது. அந்தப் பொண்ணு ஒண்ணும் செய்யலை."

மிஸ் தாளைக் கீழே வைத்தார். "ஐயோ அக்கா" என்றார் மெதுவாக. மனதுக்குள் மணிக்கணக்கைக் கூட்டிப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. "மின்னல் குறி எரியுதேன்னு நானும் பாத்துட்டே இருந்தேன் சார். எப்பலேர்ந்து எரியுதுன்னு பாக்கலை."

தலைமை ஆசிரியர் நெற்றியைத் தேய்த்தார். "இதை வேற யாருகிட்டயாவது சொன்னியாம்மா?"

"இல்ல சார்."

"நல்லதாப் போச்சு. நாளைக்கு ஆபீஸ் மேடம் வர்றாங்க. மூணு வாரமா மெயினை எறக்கி வச்சிருந்தோம்னு சொன்னா, கரண்டு குடுக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு ஆறு மெஷின்னு எடுத்துட்டுப் போயிடுவாங்க. உன் பொண்ணும் அதுலதானே படிக்குது?"

"ஆமா சார்."

"காண்ட்ராக்ட்காரன் காதுக்குப் போனா அவன் என்னைத் தூக்கமாட்டான், உன்னைத்தான் தூக்குவான்."

"தெரியும் சார். தெரிஞ்சுதான் வந்தேன். அந்தப் பொண்ணுக்கு என்ன சார்?"

"சிலேட்டைத் திருப்பிக் குடுத்துடலாம். மேடம் போகட்டும்."

"சிலேட்டைக் குடுத்தா மட்டும் போதாது சார். காரணத்தையும் சொல்லணும்" என்றார் மிஸ்.

"சொல்லலாம், சொல்லலாம். எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கு மிஸ்."

அந்த நேரம் எப்போது என்று அவர் சொல்லவில்லை. வெளியே வாளி வைத்த இடத்தில் இருந்தது. அவள் போய் வேலையைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை எல்லாம் நல்லபடியாக நடந்தது. ஆபீஸ் மேடம் முன்னால் சின்னவள் பார்த்தே இராத ஒரு பக்கத்தில் விரல் வைத்து, ஒரு தடவை கேட்டு, கேட்டதைச் சொந்தப் பேச்சில் சொல்லி, கேட்ட கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். வாய் பேசாத பிள்ளை மேடத்தைப் பார்த்துப் படத்தைத் தொட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டது. மேடம் சிரித்துவிட்டார். பிறகு கைக்குட்டையை எடுத்தார். சிலேட்டுகள் இந்தப் பள்ளியிலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசி பெஞ்சில் ரேடியோ தன் சத்தம் வராமல் உட்கார்ந்திருந்தது.

அன்று வீட்டில் அப்பன், பேக்கிங் ஷெட் ஆளிடம் போனில், "இல்லப்பா, எங்க பொண்ணு படிக்கட்டும். வேற ஆள் பாத்துக்கோ" என்றான். சின்னவள் அதைக் கேட்டும் அம்மா பக்கம் திரும்பவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மூன்றாம் மாடி வகுப்புக்குத் தலைமை ஆசிரியரே வந்தார். கையில் ரேடியோவின் சிலேட்டு. சுவிட்ச் அக்கா ஜன்னலுக்கு வெளியே கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எழுந்திரும்மா. நடந்தது நடந்துபோச்சு. உன்னை மன்னிச்சாச்சு" என்றார் அவர். "இனிமே ஒழுங்கா இருக்கணும். எல்லாருக்கும் ஒரு சாரி சொல்லிட்டு வாங்கிக்கோ."

ஸ்பெஷல் மிஸ் வாயைத் திறந்தார். தலைமை ஆசிரியர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ரேடியோ எழுந்தது.

"சாரி சார். சாரி மிஸ்." வகுப்பைப் பார்த்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்று சரியாகத் தெரியாமல், பொதுவாக ஒரு தடவை, "சாரி" என்றது.

சின்னவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். முகத்தில் கோபமில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்முன் சின்னவள் ஒரு வாரத்துக்குப்பிறகு அம்மாவிடம் பேசினாள். வாளிக்குப் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்.

"நான் அவகிட்ட சொல்லிட்டேம்மா. எங்கம்மாதான் மெயினை எறக்கினாங்கன்னு."

சுவிட்ச் அக்கா துணியை வாளிக்குள் போட்டாள். "என்ன சொல்லிச்சு?"

"நம்பல. எனக்காக உங்கம்மா மேல பழி போடாதடின்னு சொல்லுது. அவளை ஆறுதல் பண்ணப் பொய் சொல்றேன்னு நினைக்குது. நீ சொன்னாத்தான் நம்பும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நாலரை ஆனது. மூன்றாம் மாடி துடைத்து முடிந்தது. மெயின் பெட்டியின் கைப்பிடி மேலேயே இருந்தது. கைப்பிடிமேல் ஸ்பெஷல் மிஸ் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டிருந்தார், கை மறந்தாலும் கண் பார்க்கட்டும் என்று. சுவிட்ச் அக்கா ஒவ்வொரு மின்விசிறியாக, ஒவ்வொரு விளக்காகத் தனித்தனியே அணைத்துவிட்டு இறங்கினாள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் ரேடியோ உட்கார்ந்திருந்தது. கண்ணாடியின் ஒரு காது நூலால் கட்டியிருந்தது.

"சுவிட்ச் அக்காவா?" என்றது. "உங்க நடை எனக்குத் தெரியும். ஒரு கால் டம்முன்னு வைப்பீங்க, ஒரு கால் மெதுவா வைப்பீங்க."

"முட்டி வலிடா."

"சிலேட்டைக் குடுத்துட்டாங்கக்கா. இனிமே பாட்டே கேக்கமாட்டேன். அன்னிக்கு ஒரு பாட்டுதான் போட்டேன், ஆனா நிறுத்துனேனான்னு இப்ப யோசிச்சா சரியாத் தெரியலை. பீரோக்குள்ள பாடிட்டே இருந்திருக்கும்போல. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு இழுத்துட்டு தீந்திருக்கும். எங்கப்பாவும் அப்படித்தான் இருக்கும்னு சொன்னாரு."

சுவிட்ச் அக்கா வாளியைக் கீழே வைத்தாள். செய்யாததைச் செய்ததாகவே அந்தப் பெண் நம்பத் தொடங்கியிருந்தது. ஒரு வரிதான். நான்தான்டா, நீ இல்லை. தலைமை ஆசிரியரிடம் சொல்லும்போது திறந்த அதே வாய்தான் இது. அங்கே போனபோது வேலை போனால் போகட்டும் என்றுதான் போனாள். இந்தப் பிஞ்சு முகத்துக்கு முன்னால் போகப்போவது வேலை இல்லை. அது என்னவென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துக் கையில் வைத்தபோது, "தேங்க்ஸ்க்கா" என்று கேட்ட குரல் காதில் இருந்தது.

"என்னக்கா, பேசாம நிக்கறீங்க?"

"தரை ஈரமா இருக்கு" என்றாள். "பாத்துப் போ."

"சரிக்கா."

கீழே கேட்டுக்கு வெளியே கொத்தனார் சைக்கிள் மணி அடித்தார். அந்தப் பெண் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கியது. ஈரம் இருந்த படியில் மட்டும் நின்று, காலால் சோதித்து, தாண்டிப் போனது.

சுவிட்ச் அக்கா வாளியைத் தூக்கினாள். மகளின் படிப்பு தப்பியது, சிலேட்டுகள் தப்பின, வேலையும் தப்பியது. அந்தப் பெண் சொன்ன ஒரு 'சாரி'யும், வாங்கிய ஒரு அடியும் இவளுடையவை. அந்தப் பெண்ணிடமும் அதன் அப்பனிடமும் தன் வாயால் சொல்லவேண்டிய ஒரு வார்த்தை பாக்கி. இன்றைக்கும் பாக்கி.